மக்கர் பண்ணும் காக்பிட்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

கடலூர் தேவனாம்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஒரு போயிங் 737-800 நிற்கிறது. இறக்கை கிடையாது. பிளைவுட் சட்டம், அக்ரிலிக் பேனல்கள், நாலு ஆர்டுயினோ மெகா போர்டு (சுவிட்சுகளையும் லைட்டுகளையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சின்ன சர்க்யூட் போர்டு), பழைய கார் சீட் இரண்டு, மானிட்டர் மூன்று, அவ்வளவுதான் விமானம். கம்ப்யூட்டரில் ஓடும் ஃப்ளைட் சிமுலேட்டரோடு இணைத்துப் பறக்க நானே வீட்டில் கட்டிய காக்பிட் இது. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி விமான நிலையத்தின் லாஸ்பேட்டை ஓடுபாதை சுமார் 1,500 மீட்டர். சின்ன ஏ.டி.ஆர். விமானம் இறங்கும், 737க்குப் பத்தாது. அதனால் நான் இறங்குவது எப்போதும் சென்னையில்தான், அதுவும் பேனல்கள் ஒத்துழைக்கிற நாட்களில்.

புதுச்சேரியில் இதே பைத்தியம் பிடித்த இரண்டு பேர் எனக்குப் பழக்கம். ஒருவர் லாஸ்பேட்டை, இன்னொரு தம்பி முத்தியால்பேட்டை. ராத்திரி பத்து மணிக்குப் போன் வரும்: “அண்ணே, த்ராட்டில் ஆடுதுண்ணே.” (த்ராட்டில் என்பது இன்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் லீவர்.) சொன்னதையே சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன்.

கோளாறு வந்ததும் எல்லாரும் முதலில் செய்வது, சிமுலேட்டரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது. ஒரு ராத்திரி முழுக்க டவுன்லோட் ஓடும், காலையில் அதே கோளாறு அப்படியே இருக்கும். எங்கள் ஊர்க் காற்றில் செம்பு பச்சை பிடிக்கிற வேகத்துக்கு, சந்தேகப்பட வேண்டியது முதலில் கனெக்டரைத்தான். மல்டிமீட்டர் ஒன்று, நல்ல யூ.எஸ்.பி. கேபிள் ஒன்று, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், ஒரு நோட்டு. இவை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று தெரியாமல் அடுத்த மாதம் மறுபடி முழிப்பீர்கள்.

## மெட்டல் பாகத்தைத் தொட்டால் சுரீர் என்கிறது

இதை முதலில் வைக்கக் காரணம் இருக்கிறது. மற்றதெல்லாம் பொழுதுபோக்கு, இது உயிர் சமாச்சாரம். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பிறகு பாருங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு முள் பிளக்கா? தூக்கிப் போட்டுவிட்டு மூன்று முள் உள்ளதை வாங்குங்கள். எர்த் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (மெயின் கரண்டைக் குறைந்த வோல்ட்டாக்கித் தரும் பெட்டி) உடம்பில் மெயின் வோல்ட்டேஜில் ஏறக்குறைய பாதி மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும், வெறுங்காலோடு தொட்டால் கடிக்கும்.

பிளக் சரி, ஆனாலும் கடிக்கிறதா? அப்படியானால் சாக்கெட்டிலேயே எர்த் இல்லாமல் இருக்கலாம். மாடி அறைகளில் இது சகஜம். கீழே இருந்து பேஸும் நியூட்ரலும் மட்டும் இழுத்துக்கொண்டு வந்திருப்பார்கள், பச்சை வயர் படிக்கட்டிலேயே நின்றுபோயிருக்கும். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். மூன்று முள் சாக்கெட் மாட்டியிருந்தது, மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வெயில் காலத்தில் மணல் மண் காய்ந்து எர்த் குழி வேலை செய்யாமல் போவதும் உண்டு.

இங்கே நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். சாக்கெட்டைக் கழற்றிப் பார்ப்பது, எர்த் இழுப்பது, குழியைச் சோதிப்பது எல்லாம் எலக்ட்ரீஷியன் வேலை. கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுந்தால் அதைத் தாண்டி லைன் கொடுக்கச் சொல்லாதீர்கள். அது விழுவதே நமக்காகத்தான். எஸ்.எம்.பி.எஸ். மூடியையும் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே இருக்கும்.

## பறந்துகொண்டிருக்கும்போது ஒரு பேனல் முழுசாகச் செத்துப்போகிறது

முதல் கேள்வி: சாகும்போது விண்டோஸ் “டிங்-டாங்” என்று சாதனம் கழன்ற சத்தம் போட்டதா?

### சத்தம் கேட்டது

அப்படியானால் யூ.எஸ்.பி. இணைப்பு விழுந்திருக்கிறது. இந்த வரிசையில் போங்கள்.

கேபிளை மாற்றுங்கள். போன் சார்ஜருடன் வந்த மெல்லிய கேபிள்கள் இந்த வேலைக்கு ஆகாது. சிலவற்றில் டேட்டா வயரே இருக்காது. யூ.எஸ்.பி. 2.0 கேபிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகக்கூடாது. மூன்றுக்குள் இருந்தால் நிம்மதி. தலைக்கு மேல் இருக்கும் ஓவர்ஹெட் பேனலுக்குச் சட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டியதில், நான் கடையில் வாங்கிய நீளத்துக்கு மேல் ஒரு எக்ஸ்டென்ஷனும் போட்டிருந்தேன். கோளாறு அந்த மூட்டில்தான் இருந்தது.

அடுத்து விண்டோஸின் மின்சேமிப்பு. பவர் ஆப்ஷன்ஸில் யூ.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யூ.எஸ்.பி. ஹப்புக்கும் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் ஒரு டிக் இருக்கும், அதையும் எடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தபின் ஒருமுறை போய்ப் பாருங்கள், எனக்கு இந்த டிக் திரும்பி வந்திருக்கிறது.

பிறகு ஹப், அதாவது ஒரு யூ.எஸ்.பி. துளையைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி. யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்றுக்கு 500 மில்லியாம்பியர்தான் கணக்கு. நாலு மெகா போர்டையும் எண் டிஸ்ப்ளேக்களையும் அடாப்டர் இல்லாத ஒரே ஹப்பில் தொங்கவிட்டால், எல்லா லைட்டும் சேர்ந்து எரியும் நேரத்தில்தான் விழும். லைட்ஸ் டெஸ்ட் சுவிட்சைப் போட்டதும் செத்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், பவர் பத்தவில்லை. தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்குங்கள். டிஸ்ப்ளேக்கும் எல்.இ.டி.க்கும் 5 வோல்ட் தனியாக எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கொடுங்கள். கிரவுண்டை (0 வோல்ட் வயரை) மட்டும் போர்டோடு சேர்க்க மறக்காதீர்கள்.

இதெல்லாம் செய்தும் விழுகிறதா? எந்த நேரத்தில் விழுகிறது என்று நோட்டில் குறியுங்கள். எனக்கு ஒரு வாரம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குச் சரியாக ஓவர்ஹெட் பேனல் போனது. டிரைவர் மாற்றினேன், போர்டு மாற்றினேன், மதர்போர்டையே சந்தேகப்பட்டேன். ஏழாம் நாள் பேனல் போன அதே நொடி கீழேயிருந்து அம்மா குரல்: “டேய், மோட்டார் போட்டுட்டேன், டேங்க் ரொம்பினா சொல்லு!” போர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது லைனில் வரும் உதை ஹப்பைத் தள்ளிவிட்டிருக்கிறது. காக்பிட்டுக்கு எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி லைன் இழுத்து, கேபிள் முனைகளில் ஃபெரைட் வளையம் மாட்டியபின் நின்றது. ஃபிரிட்ஜ், ஏ.சி., பழைய ட்யூப்லைட் சோக் எல்லாமே இப்படிச் செய்யும். ஆளை நிறுத்தி ஒவ்வொன்றாக ஆன், ஆஃப் செய்து பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது.

### சத்தம் கேட்கவில்லை, பேனல் மட்டும் உறைந்துவிட்டது

யூ.எஸ்.பி. உயிரோடு இருக்கிறது. பேனலையும் சிமுலேட்டரையும் இணைக்கும் மென்பொருளான மொபிஃப்ளைட்டை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். சரியானால் சிமுலேட்டருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் தொடர்புதான் அறுந்திருக்கிறது. ஓட்டும் வரிசையைப் பழக்கமாக்குங்கள்: முதலில் சிமுலேட்டர், விமானம் முழுசாக ஏறியபின் மொபிஃப்ளைட். போர்டே பட்டியலில் வரவில்லை என்றால் விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் காம் போர்ட் எண் மாறியிருக்கும், அல்லது சி.எச்.340 சிப் உள்ள மலிவு போர்டுக்கு டிரைவர் போயிருக்கும். எந்தக் கேபிள் எந்தத் துளை என்று ஸ்டிக்கர் ஒட்டி, அதே துளையிலேயே செருகுங்கள்.

எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும், எந்தக் கேபிளில் போட்டாலும் போர்டு தெரியவே இல்லை என்றால் போர்டு போய்விட்டது. மெகாவைப் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை, மாற்றுங்கள். ஒன்று கூடுதலாக வாங்கி ஏர்டைட் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருப்பது என் வழக்கம்.

## த்ராட்டில் துடிக்கிறது, அல்லது ஒரே எண்ணில் நிற்கிறது

அதிகமாக வரும் போன் இதற்குத்தான். லீவரைத் தொடாமலே இன்ஜின் வேகம் காட்டும் என்1 ஊசி ஏறி இறங்கும், இல்லையென்றால் லீவரை எங்கே வைத்தாலும் முழு பவர்.

சிமுலேட்டரில் காலிபரேஷனை (லீவரின் அளவைச் சரிசெய்யும் அமைப்பை) தொடாதீர்கள். லீவரோடு சுழன்று அதன் நிலையைச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரை ‘பாட்’ என்போம். கோளாறுள்ள பாட்டை காலிபரேட் செய்வது, வளைந்த அளவுகோலை வைத்து வீடு கட்டுவது. முதலில் மொபிஃப்ளைட்டின் லாக் பகுதியைத் திறந்து அந்த பாட்டின் எண்ணைப் பாருங்கள். மெகாவில் அது 0 முதல் 1023 வரை ஓடும்.

எப்போதும் 1023 பக்கம் நிற்கிறது: பாட்டின் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கிறது.

எப்போதும் 0: 5 வோல்ட் வயர் அறுந்திருக்கிறது. (இரண்டு ஓர வயர்களையும் மாற்றிப் போட்டவர்கள் இந்த இரண்டு பதிலையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். லீவரும் அவர்களுக்குத் தலைகீழாகத்தான் ஓடும்.)

எண் தன்னிஷ்டத்துக்கு அலைகிறது, பக்கத்து லீவரை நகர்த்தினால் இதுவும் கூடவே நகர்கிறது: நடு வயர் அறுந்திருக்கிறது. இதைப் பார்த்துத்தான் பலர் “போர்டு போச்சு” என்று முடிவு கட்டுகிறார்கள். லாஸ்பேட்டை நண்பர் இரண்டு மெகா மாற்றினார், நடு முனையில் ஈயம் விட்டிருந்தது.

ஐந்தாறு எண்ணுக்குள் மட்டும் நடுங்குகிறது: வயர் அறுபடவில்லை. த்ராட்டில் வயர்கள் சர்வோ மோட்டார் வயரோடும் எல்.இ.டி. ஸ்ட்ரிப் வயரோடும் ஒரே கட்டாகக் கட்டியிருக்கிறதா பாருங்கள். பிரித்து ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். நடு முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கப்பாசிட்டர் ஒன்று போர்டு பக்கமாக வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் குதிக்கிறது: தடம் தேய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் அடித்து லீவரை முப்பது நாற்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். துரு நீக்க அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம். அன்றைக்குச் சரியாகும், எண்ணெயில் தூசி ஒட்டி அடுத்த மாதம் இன்னும் மோசமாகும். கிளீனருக்கும் மசியாவிட்டால் பாட்டை மாற்றுங்கள். 10 கிலோ ஓம், லீனியர். வாங்கும்போது உடம்பில் பி என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். ஏ என்றிருந்தால் பெரும்பாலும் ஆடியோ வால்யூமுக்கானது, லீவர் பாதியில் இருக்கும்போது இன்ஜின் பாதியில் இருக்காது.

எங்கள் வீட்டில் பாட்டுகள் ஆண்டுக்கொரு முறை போய்க்கொண்டிருந்தன. கடைசியில் காந்தத்தைத் தொடாமலே உணரும் ஹால் சென்சாரும் காந்தமுமாக மாற்றிவிட்டேன். உரசும் பாகமே இல்லாததால் உப்புக்காற்றுக்குத் தேய ஒன்றும் கிடையாது. காசும் நேரமும் கூடுதல்தான், காந்தத்தைச் சரியான தூரத்தில் நிறுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. ஆனாலும் கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள் என்பேன்.

லாகில் எண் கல் போல நிற்கிறது, ஆனால் பவரைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆட்டோத்ராட்டில் போட்டால் மட்டும் விமானம் முரண்டு பிடிக்கிறதா? அது வயர் அல்ல. லீவரின் நிலை ஆட்டோத்ராட்டிலோடு மல்லுக்கட்டுகிறது. விமானத்தின் அமைப்புப் பக்கத்தில், கையால் நகர்த்துவதை எப்போது ஏற்பது என்ற தேர்வு இருந்தால் அதை மாற்றுங்கள்.

## குமிழை ஒரு கிளிக் திருப்பினால் இரண்டு எண் தாவுகிறது

ஹெடிங் (விமானம் போகும் திசை) 070 வைக்கப் போனால் 069, 071 என்று தாண்டும். தவறாமல் ஒவ்வொரு கிளிக்குக்கும் இரண்டு தாவினால், அல்லது இரண்டு கிளிக்குக்கு ஒன்று நகர்ந்தால், என்கோடரின் (குமிழுக்குப் பின்னால் கிளிக்கை எண்ணும் பாகம்) வகை தப்பாகத் தேர்ந்திருக்கிறது. மொபிஃப்ளைட்டில் ஒரு சுழற்சிக்கு எத்தனை கிளிக் என்ற தேர்வை மாற்றிப் பாருங்கள். எதிர்த்திசையில் ஓடினால் இரண்டு ஓர வயரை மாற்றுங்கள்.

சில நேரம் மட்டும் தாவுகிறது, சில நேரம் பின்னால் போகிறது என்றால் உள்ளே அழுக்கு. கிளீனர் ஒரு சொட்டு. இரண்டு தடவை செய்தும் திரும்ப வந்தால் என்கோடரை மாற்றிவிடுங்கள், அதன் விலை நாலைந்து டீயும் வடையும்தான். பழையதைக் கழற்றும்போது அவசரப்பட்டு இழுத்தால் பி.சி.பி.யின் செம்புத் தடம் கூடவே உரிந்து வரும். ஐந்து முனையும் ஈயம் உருகியபின் தானாக வரட்டும்.

## எண் டிஸ்ப்ளேயில் எல்லாமே 8, அல்லது கன்னாபின்னா

மாக்ஸ்7219 சிப் வைத்த டிஸ்ப்ளே திடீரென்று முழு வெளிச்சத்தில் 888 காட்டி நின்றால், லைனில் வந்த இரைச்சலில் அது டெஸ்ட் நிலைக்குப் போயிருக்கிறது. டேட்டா கேபிளைச் சுருக்குங்கள், ஒரு சாணுக்குள் இருந்தால் நல்லது. சிப்பின் பவர் முனைகளிலேயே 10 மைக்ரோஃபாரட் ஒன்று, 0.1 ஒன்று இருக்க வேண்டும். மலிவு மாட்யூல்களில் சில நேரம் ஒன்றை வைக்காமலே விட்டிருப்பார்கள்.

மங்கலாக இருந்தால் டிஸ்ப்ளேயின் வாசலிலேயே வோல்ட் அளங்கள், எஸ்.எம்.பி.எஸ். பக்கம் அல்ல. அங்கே 5, இங்கே 4.3 என்று வந்தால் நடுவில் மெல்லிய ஜம்பர் வயரோ பச்சை பிடித்த கனெக்டரோ இருக்கிறது. ஜம்பர் வயர் சோதனைக்கு மட்டும்தான். நிரந்தரத்துக்கு ஈயம் பூசிய செம்பு வயரைப் பற்றவைத்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். எல்.இ.டி. ஸ்ட்ரிப் பின்னொளி ஒரு பக்கம் பளிச், மறுபக்கம் மங்கல் என்றாலும் இதே கதை. மங்கலான முனைக்கும் தனியாக ஒரு ஜோடி பவர் வயர் கொடுங்கள்.

## சுவிட்ச் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது வேறு எதுவோ நடக்கிறது

விமானத்தை ஏற்றியதுமே தப்பாக இருக்கிறதா? கோளாறே இல்லை. உங்கள் சுவிட்ச் மேலே இருக்கிறது, சிமுலேட்டரில் அது கீழே. ஒருமுறை தட்டித் தட்டி ஒத்துக்கொள்ள வையுங்கள். எல்லாம் அணைத்த நிலையில் தொடங்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தொல்லை வராது.

ஒரு சுவிட்சுக்கு இன்னொன்றும் சேர்ந்து விழுந்தால், மேட்ரிக்ஸ் வயரிங்கில் (பல சுவிட்சுகளைக் கட்டம் கட்டமாகச் சில வயரிலேயே இணைக்கும் முறை) டயோடு விட்டுப்போயிருக்கிறது அல்லது திருப்பிப் போட்டிருக்கிறது. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு 1என்4148 டயோடு, கோடு எல்லாவற்றிலும் ஒரே பக்கம்.

வரிசையாக ஆறேழு சுவிட்ச் ஒரேயடியாகச் செத்தால் ஒவ்வொன்றாகக் கழற்றாதீர்கள். அவற்றுக்குப் பொதுவான கிரவுண்ட் வயர் எங்கோ விட்டிருக்கிறது. மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து, ஒரு முனையைப் போர்டு கிரவுண்டில் வைத்துக்கொண்டு சங்கிலி நெடுக நடங்கள். பீப் நிற்கும் இடம்தான் குற்றவாளி.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சுவிட்ச் இறுகுகிறதா? பேனல் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையாக இருக்கும். ஈரம் குடித்து ஊதி ஓட்டையை இறுக்குகிறது. ஓட்டையை அரத்தால் அரை மில்லிமீட்டர் அகலப்படுத்தி, விளிம்பில் வார்னிஷ் தடவுங்கள்.

## பெடலோ யோக்கோ (விமானத்தின் ஸ்டியரிங்) நடுவுக்குத் திரும்புவதில்லை

பெரும்பாலும் பாட்டின் தண்டைப் பிடிக்கும் சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கும். ஆலன் கீயால் இறுக்குங்கள். அடுத்து ஸ்பிரிங், அடுத்து துருப்பிடித்த பேரிங். மெட்டல் வேலை எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் காலிபரேட் செய்யுங்கள். சட்டமே வளைந்திருந்தால் வெல்டிங் பட்டறைக்குத்தான், ஆனால் வயர்களைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோங்கள்.

## தண்ணீர் பட்டுவிட்டது

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோது முத்தியால்பேட்டைத் தம்பியின் தரைத்தள அறையில் முழங்கால் தண்ணீர். பெடல் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மூழ்கிவிட்டன. கரண்ட் வந்ததும் “வேலை செய்யுதான்னு பாக்கலாம்ணே” என்று பிளக்கைக் கையில் எடுத்தான். நல்லவேளை, எடுத்துக்கொண்டே எனக்குப் போன் போட்டான்.

நனைந்ததை ஓட்டிப் பார்க்காதீர்கள். அறை ஈரமாக இருந்தால் மெயினை எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை போடவே வேண்டாம். போர்டுகளைக் கழற்றி முதலில் டிஸ்டில்டு வாட்டரில், பிறகு ஐசோப்ரொப்பைலில் கழுவிப் பிரஷால் தேய்த்து, நிழலில் ஃபேன் அடியில் மூன்று நாலு நாள் காய விடுங்கள். அந்தத் தம்பியின் மெகா இப்படித்தான் பிழைத்தது. வெயிலில் வைக்காதீர்கள், த்ரீடி பிரின்டரில் பி.எல்.ஏ.யில் அடித்த பாகங்கள் சுமார் 60 டிகிரியிலேயே நெளியும்.

நனைந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் காயவைத்து மறுபடி போடும் ஆசை வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் திறந்து பார்த்துச் சரி என்று சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரருக்கு. டெக்னீஷியனிடம் போகும்போது பேனலை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் அவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. வயரிங் படம், எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்ற பட்டியல், நீங்கள் எழுதி வைத்த நோட்டு, மூன்றையும் எடுத்துப் போங்கள். “இது ஏரோப்ளேன்” என்று ஆரம்பிக்காதீர்கள். “5 வோல்ட் லைன், இந்த இடத்தில் வரவில்லை” என்று சொன்னால் போதும், பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.